குளிர்ந்த பிரேக்

1. ஞாயிற்றுக்கிழமை வந்த போன்

அன்று காலை ஏழு மணி இருக்கும். என் ஒர்க்‌ஷாப் கஸ்டமர் ஸ்டீபனிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, பிரேக் பிடிக்கலண்ணே. மொபெட்டுல வந்தவரு மேல ஏத்திட்டேன்.”

பின்னால் ஜனங்கள் கூச்சல் போடுவது கேட்டது. கீரமங்கலம் பூ மார்க்கெட் திருப்பத்தில் நிற்பதாகச் சொன்னார். காரில் பக்கத்து சீட்டில் அவருடைய மகள் ஆன்சி, ஏழு வயதுப் பிள்ளை, இருந்திருக்கிறாள். அவளுக்குக் காயமில்லை. மொபெட்டில் மல்லிகைப் பூ மூட்டை கொண்டுவந்த முத்தையா என்பவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா என்றுதான் ஒரு மனிதன் முதலில் கேட்பான். என் வாயிலிருந்து முதலில் வந்தது வேறு.

“நான் ஓட்டிப் பாத்துத்தானே குடுத்தேன், நல்லா இருந்துச்சே. பதட்டத்துல நீங்க சரியா அமுத்தியிருக்க மாட்டீங்க.”

“இருக்கலாம்ண்ணே” என்றார். அந்தக் காருக்கு இரண்டு நாள் முன்பு, சக்கரத்தை உரசி நிறுத்துகிற பிரேக் பேடைப் புதிதாகப் போட்டவன் நான்தான்.

2. எடை கேட்ட கடைக்காரர்

புதுக்கோட்டையில் திருச்சி ரோட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதில் பாதி, கல் குவாரி டிப்பர்கள். மேட்டிலிருந்து முழு லோடோடு இறங்கும்போது பிரேக் லைனிங் கருகிப் புகையோடு வந்து நிற்கும். அதனால் பிரேக் என்றாலே எனக்குச் சூடுதான் ஞாபகம் வரும். எவ்வளவு சூடு தாங்குகிறதோ அவ்வளவு நல்ல சரக்கு. இதுதான் எனக்குத் தெரிந்த பிரேக் சாஸ்திரம். மாவட்டத்திலேயே பிரேக்குக்கு என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்லுவேன்.

ஸ்டீபன் ஆவூர்க்காரர். வெளிநாட்டில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கினார். இரண்டே சீட்டு. மொத்த எடை எழுநூறு கிலோவைத் தாண்டாது. மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்குக்குப் போய், காசு கட்டி, ஆசை தீர நாலு ரவுண்டு ஓட்டிவிட்டு வருவார். மற்றபடி அந்தக் கார் ஊருக்குள்ளும் ஓடும், மாமனார் வீட்டுக்கும் போகும்.

ஒருமுறை ட்ராக்கில் ஐந்தாறு ரவுண்டுக்குப் பிறகு பெடல் பஞ்சாக உள்ளே போவதாகச் சொல்லி வண்டியைக் கொண்டுவந்தார். பெடல் அப்படிப் போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். புது ஆயில் மாற்றியிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில் படித்த பாடம் அது. எனக்கோ ரேஸ் என்றதும் தலை கிறுகிறுத்துவிட்டது. பேடு பத்தவில்லை, ரேஸ் பேடு போட்டுவிடலாம் என்றேன்.

ஸ்டீபன் விவரமானவர். “ரொம்ப லைட்டான வண்டிண்ணே இது. அம்புட்டு ஹார்டா வேணுமா?” என்று கேட்டார். பத்து டன் லோடு டிப்பரையே நிறுத்துகிறவனிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று சிரித்துக்கொண்டே அவர் வாயை அடைத்தேன்.

கோயம்புத்தூரில் ரேஸ் பேடு விற்கிற கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் முதலில் கேட்டது வண்டியின் எடை. எனக்குச் சுர்ரென்று வந்தது. எடை கிடக்கட்டும், இருப்பதிலேயே அதிகச் சூடு தாங்குவது எதுவோ அதை அனுப்புங்கள் என்றேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

“அனுப்புறேங்க. ஆனா அது கனமான வண்டிக்கானது. நல்லா சூடு ஏறினாத்தான் பிடிக்கும். லைட் வண்டியில அந்தச் சூடே ஏறாதுங்க. ரோட்டுல ஓட்ட வேணாம்னு கஸ்டமர்கிட்ட சொல்லிடுங்க.”

சரி சரி என்று போனை வைத்தேன். ஸ்டீபனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால், அப்படியென்றால் இந்தப் பேடு எதற்கு என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. தெரியாது என்று கஸ்டமரிடம் சொல்லும் பழக்கம் என் கடையில் கிடையாது.

பேடு மாட்டி, ட்ரையலுக்கு நானே எடுத்துப் போனேன். ஒர்க்‌ஷாப் வாசலில் போட்ட முதல் பிரேக்கில் வண்டி நிற்காமல் எதிர்க் கடை பெஞ்சு வரைக்கும் போய்த்தான் நின்றது. புது பேடு, பழகட்டும் என்று நினைத்துக்கொண்டு பைபாஸில் பத்து கிலோமீட்டர் விரட்டி விரட்டி பிரேக் அடித்தேன். சூடேறியதும் அப்படிப் பிடித்தது. ஜாப் கார்டில் ‘பிரேக் ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு, ரோடு காலியாக இருந்ததால் பிரேக்குக்கு அதிகம் வேலை வைக்காமல் நிதானமாகவே ஓட்டி, கீரமங்கலத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார். ராத்திரி முழுக்க வண்டி வெளியில் நின்றது. காலையில் மகளை ஏற்றிக்கொண்டு தெருவைத் தாண்டியதும், மார்க்கெட் திருப்பத்தில் மொபெட் குறுக்கே வந்தது. அதுதான் அன்றைய முதல் பிரேக்.

3. இடது கால்

திங்கட்கிழமை மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிக்க வந்தார். பேடு போட்டவன் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்டேஷன் இருந்த தெருவில் கூட்டம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு காலி ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார் ஆய்வாளர். அந்த வண்டி அவருக்குப் பழக்கமில்லாததால் அதுவரைக்கும் என்னையே ஓட்டிவரச் சொன்னார். அவர் ஜீப்பில் ஏறினார், ஸ்டீபனும் அதிலேயே ஏறிக்கொண்டார்.

இனி எழுதப்போவதை ரொம்ப நாள் வரைக்கும் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த இரண்டு கிலோமீட்டரும் வலது காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு, இடது காலைப் பிரேக் மேல் அழுத்தியபடியே ஓட்டினேன். எதற்கு என்று தெரிந்தேதான் செய்தேன். போய்ச் சேரும்போது நாலு சக்கரத்திலும் பேடு நன்றாகச் சூடேறி வாசம் அடித்தது. என்ன வாசம் என்று ஆய்வாளர் கேட்டார்.

“புது பேடுங்க சார். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வரும்.”

அவர் உடனே ஏறி ஓட்டிப் பார்த்தார். மூன்று முறை பிரேக் போட்டார். மூன்று முறையும் வண்டி ஆணி அடித்தது போல் நின்றது. பிரேக் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக்கொண்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார்.

ரோட்டோரத்தில் ஸ்டீபன் தன் வலது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் சொன்னார்:

“அமுத்துனேன்னுதாண்ணே நெனச்சேன். அப்பா பிரேக்கே போடலன்னு பாப்பா சொல்லிக்கிட்டே இருக்கா. அவ சொல்றதுதான் சரி போலருக்கு.”

அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். ஆய்வாளர் பேனாவைக்கூட மூடவில்லை. விடுங்க தம்பி, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன். அது தெய்வத்துக்கே அடுக்காது.

4. ஆவூரில்

கேஸில் ஸ்டீபன் தப்பை ஒப்புக்கொண்டார். முத்தையாவுக்கு எலும்பு கூடிவிட்டது, ஆனால் நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. என் கடையில் வழக்கம் போல வேலை நடந்தது.

இரண்டு வருடம் கழித்து ஸ்டீபனின் மனைவி ஜெனிட்டா, வீட்டுக் காரை சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். ஸ்டீபன் ஏன் வரவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“அவரு ஸ்டீரிங்கையே தொடுறதில்லண்ணே. ரோட்டுல நடந்து போகும்போதுகூட கால் உதறுதுங்கிறாரு. பாப்பாவும் அப்பா ஓட்டுனா வரமாட்டேங்கிறா. இப்ப எல்லாத்துக்கும் நான்தான்.”

ஜெனிட்டா குறையாகச் சொல்லவில்லை, சேதியாகத்தான் சொன்னார். ஒரு மனுஷனின் வலது காலை நான் இரண்டு வருடமாகப் பிடுங்கி வைத்திருந்தேன். மறுநாள் வேலையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஆவூருக்குப் போனேன்.

கடைக்காரர் எச்சரித்தது, பெஞ்சு வரைக்கும் போய் நின்றது, இடது கால், எல்லாவற்றையும் ஸ்டீபனிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வாரம் ஒங்க மேல கோவமா இருந்திருப்பேன்ண்ணே,” என்றார். “அம்புட்டுத்தானே.”

ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறேன், முத்தையாவிடமும் போய்ச் சொல்கிறேன் என்றேன். அதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

“எனக்கு எதுவும் வேணாம். இவகிட்ட சொல்லுங்க.”

ஆன்சி வந்து அப்பா பக்கத்தில் நின்றாள். வளர்ந்திருந்தாள். ஒரு சின்னப் பிள்ளைக்கு பேடு, சூடு என்று எப்படி விளக்குவது? அப்பா அன்றைக்கு நன்றாகத்தான் பிரேக் போட்டார், காலையில் வண்டி குளிர்ந்து கிடந்ததால் நான் மாட்டிய சாமான் பிடிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் எந்தக் கஸ்டமரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

“அப்ப அப்பா பிரேக் போட்டாங்களா?”

“போட்டாங்கம்மா.”

அவள் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “அன்னைக்கே ஏன் சொல்லல பெரியப்பா?” என்றாள்.

“பயமா இருந்துச்சும்மா.”

“எங்க அப்பாவும்தான் இவ்வளவு நாளா பயந்துக்கிட்டே இருந்தாங்க,” என்றாள்.

ஸ்டீபன் அவள் தலையில் கை வைத்தபடி என்னைப் பார்க்காமல் நின்றார். ஆவூரிலிருந்து திரும்பி, அப்படியே கீரமங்கலம் போய் முத்தையாவையும் பார்த்தேன். அவர் வீட்டில் வாங்கிய ஏச்சுக்கு நான் தகுதியானவன்தான். ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தேன்.

தம்பிகளே, பிரேக் வேலைக்கு வருகிறவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வண்டியின் எடையைக் கேளுங்கள். லேசான வண்டிக்கு, ட்ராக்கில் ஓடினாலும், குளிரிலேயே பிடிக்கிற பேடு போதும். அதோடு நல்ல பிரேக் ஆயில் புதிதாக ஊற்றுங்கள். ட்ரையல் பார்ப்பதென்றால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் போடும் முதல் பிரேக்கைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று கஸ்டமரிடமே சொல்லிவிடுங்கள். தப்பான பேடைக் கழற்றிச் சரியானதை மாட்ட எனக்கு அரை மணி நேரம் போதும். தப்பை ஒப்புக்கொள்ள இரண்டு வருடம் ஆயிற்று, அத்தனை நாளும் ஒரு பிள்ளை தன் அப்பாவோடு காரில் ஏறவில்லை.