பரீட்சை நாளில் ஏறாத கார்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகிற மலைப்பாதையில் நடந்தது இது. இதைப் படிக்கிற பிள்ளைகளே, நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பூண்டு விவசாயம் செய்பவன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் நான் செய்த தப்பை நானே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. இரண்டு பேர் கைமாறி மூன்றாவதாக என்னிடம் வந்தது. பூண்டு மூட்டையை டிக்கியில் போட்டுக்கொண்டு கொடைக்கானல் கடைக்குப் போய் வருவேன். அந்த மாசி மாதம் முழுக்க அதில் ஒரு கோளாறு தெரிந்தது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், கார் மட்டும் வேகம் எடுக்காது. ஒரு தீய்ந்த வாடை வரும். மெக்கானிக்கிடம் காட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர், "கிளட்ச் தட்டு தேஞ்சு கெடக்குண்ணே. உடனே மாத்திருங்க. ஏத்தத்துல ஒருநாள் நட்டநடு ரோட்டுல நிக்கும்" என்றார்.

கிளட்ச் என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து இறுக்கி வைத்துக்கொண்டு ஒரு கையைத் திருப்புங்கள். இன்னொரு கையும் கூடவே திரும்பும். இப்போது உள்ளங்கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு அதையே செய்யுங்கள், வழுக்கும். ஒரு கை இன்ஜின், ஒரு கை சக்கரம். தட்டு தேய்ந்துவிட்டால் இன்ஜின் சுற்றும், சக்கரத்துக்கு அந்த பலம் போய்ச் சேராது.

அது தேய்ந்ததற்குக் காரணமும் நான்தான். மலையில் எதிரே வண்டி வந்தால் ஏற்றத்தில் நின்று வழிவிட வேண்டியிருக்கும். அப்போது ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துவதுதான் முறை. எங்கள் பக்கத்து டிரைவர்கள் அப்படிச் செய்கிறவனைப் பார்த்தால் சிரிப்பார்கள். "தரைக்காட்டு டிரைவர்" என்பார்கள், மலையில் ஓட்டத் தெரியாத சமவெளிக்காரன் என்று அர்த்தம். அதனால் நானும் கிளட்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து, கார் பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் அந்தரத்தில் நிற்க வைப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமைதான் தட்டை அரைத்துத் தின்றுவிட்டது.

பூண்டு பிடுங்கி முடியட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்த வருடம் என் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அவளோடு எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் எழுதினாள். அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்தக் காலத்தில் திரும்பி வந்தது. அப்பா இல்லை. அம்மா தோட்டங்களில் கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார். அந்தப் பெண் வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள். தேர்வு மையம் கொடைக்கானலில். எல்லாப் பரீட்சைக்கும் இரண்டு பேரும் ஏழரை மணி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். கணிதப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் நானாகவே வாயைக் கொடுத்தேன்.

"நாளைக்கு பஸ்ஸுக்கு ஓட வேணாம். எட்டேகாலுக்கு என் கார்ல கூட்டிட்டுப் போறேன். நல்லாத் தூங்கி எந்திரிச்சு, படிச்சுக்கிட்டே வாங்க."

காலையில் அந்தப் பெண்ணின் அம்மா கார் வரைக்கும் வந்தார். "ஒங்கள நம்பித்தான்ணே அனுப்புறேன். புள்ளையப் பத்திரமா கொண்டுபோயி விட்டுருங்க" என்றார். தலையை ஆட்டினேன். டிக்கியில் மூன்று மூட்டை பூண்டும் இருந்தது. போகிற போக்கில் கடையில் போட்டுவிடலாம் என்று ஏற்றியிருந்தேன்.

ஆறு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு செங்குத்தான கொண்டை ஊசி வளைவு. எதிரே சுற்றுலா வேன் ஒன்று நடு ரோட்டில் இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்று அந்த டிரைவருக்குத் தெரியவில்லை. நான் நின்றேன். வழக்கம்போல ஹேண்ட் பிரேக் போடாமல் கிளட்சிலேயே நிறுத்தினேன். வேன் உரசாமல் போக ஒரு நிமிடம் ஆனது. அது போனதும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் அலறியது. கார் நகரவில்லை. தீய்ந்த வாடை காருக்குள் குப்பென்று வந்தது. இன்னும் மிதித்தேன். கார் ஒரு சாண் பின்னால் போனது.

"அப்பா!" என்றாள் மகள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். இறங்கி பானெட்டைத் திறந்தேன். அதற்குள் பார்க்க ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். எதையாவது செய்வது போல் இருக்க வேண்டுமே என்று திறந்தேன். செல்போனில் சிக்னல் இல்லை. மணி எட்டே முக்கால். ஒன்பதே முக்காலுக்குள் பிள்ளைகள் பரீட்சை அறையில் இருக்க வேண்டும்.

அப்போது பின்னாலிருந்து எங்கள் ஊர் ஷேர் ஜீப் வந்தது. ஓட்டுபவன் என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவன். வாயைத் திறந்தால் கேலிதான். நான் கார் வாங்கின நாளிலிருந்தே, "தள்ளுறதுக்கு ஆள் வேணும்னா சொல்லி அனுப்பு மச்சான்" என்று டீக்கடையில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரிப்பான். ஜீப்பை மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன மச்சான், மக்கர் பண்ணுதா? புள்ளைகளுக்குப் பரீட்சையாச்சே, ஏத்தி விடு. ரெண்டு பேரு உக்கார எடமிருக்கு."

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது "சரி" என்ற ஒரே வார்த்தை. ஜீப்புக்குள் எட்டுப் பேர் என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு டீக்கடையில் இதுதான் பேச்சாக இருக்கும் என்று தோன்றியது.

"ஒண்ணுமில்ல, சூடு ஏறிருச்சு. அஞ்சு நிமிசத்துல வந்துருவோம். நீ போ" என்றேன்.

அவன் பேசும்போதே அந்தப் பெண் பின்கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொன்னதைக் கேட்டதும் காலை உள்ளே எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். ஜீப் போய்விட்டது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. மூட்டைகளை இறக்கி ஓரத்தில் போட்டேன். திரும்ப ஏறி மிதித்தேன். புகைதான் வந்தது.  மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே போகும் வண்டி வேறெதுவும் வரவில்லை.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. முன்கியரில் இழுவை இல்லாத வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் பின்பக்கமாகவே ஏற்றிக்கொண்டு போவார்கள். ரிவர்ஸ் கியருக்குப் பலம் அதிகம். பழைய லாரிக்காரர்கள் செய்து பார்த்திருக்கிறேன். மேட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் கொஞ்சம் சமம்தான், எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளை இறங்கச் சொன்னேன். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு கல்லு எடுத்து வச்சுக்கங்க. நான் நிறுத்துனா சக்கரத்துக்குக் கீழ குடுங்க" என்றேன். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளின் கையில் கல்லைக் கொடுத்தேன்.

பிரேக்கை விட்டு விட்டுக் காரைப் பின்னால் உருட்டி ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் ரோட்டுக்குக் குறுக்கே வந்தது. முன்பக்கம் மலைச்சுவர். பின்பக்கம் பள்ளம். அந்த இடத்தில் தடுப்புச் சுவர் இல்லை. இனி கொஞ்சம் முன்னால் போய், மறுபடி ஒடித்துத் திருப்ப வேண்டும். முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கிளட்ச் பிடிக்கவில்லை. கார் முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் நகர்ந்தது. பதறி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததில் இன்ஜின் அணைந்துவிட்டது. இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் மிதியும் இரண்டு மிதியில் இறுகிவிடும். அதற்குள் நான் பதற்றத்தில் பலமுறை மிதித்துவிட்டேன். மிதி கல்லு மாதிரி இறுகி, அமுங்க மறுத்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். ரோடு தெரியவில்லை. கீழே பூண்டுப் பாத்திகள்தான் படிப்படியாகத் தெரிந்தன.

"இல்ல, போகாத!" என்று என் மகள் கத்துவது கேட்டது. எனக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்கில்லை. அந்தப் பெண் காருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஓடி, குனிந்து, பின்சக்கரத்துக்குக் கீழே கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சக்கரம் கல்லில் ஏறப் பார்த்தது. கல் நெறுநெறுவென்று ஓரடி நகர்ந்தது. நான் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன்.

நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் உரிந்து ரத்தம். எழுதுகிற கை. 

அந்த நேரத்தில்தான் கீழிருந்து ஒரு பிக்கப் வண்டி ஏறி வந்தது. ஊர் ஊராகப் போய்க் கேரட், உருளை வாங்கிக் கொடைக்கானல் கடைகளுக்குப் போடுகிற ஒரு பாய். ஓட்டுவதும் அவரேதான். முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. இறங்கினவர் காரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிள்ளைகளின் யூனிஃபார்மைப் பார்த்தார்.

"என்ன தம்பி ஆச்சு?"

அந்தத் தடவை எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கிளட்ச் போயிருச்சு பாய். ஒரு மாசமாவே இப்படித்தான். புள்ளைகளுக்கு இன்னைக்கு கணக்குப் பரீட்சை" என்றேன். 

அவர் மணி பார்த்தார். ஒன்பது பத்து. "வெரசா ஏறுங்கம்மா. தம்பி, நீ வண்டிகிட்டயே நில்லு. இந்த வளைவுல எவனாவது வந்து மோதிருவான். நாலு சக்கரத்துக்கும் கல்லக் குடு" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "கார் ஏறலேன்னா எறங்கிக் கை காட்ட வேண்டியதுதானப்பா. புள்ளைகள வச்சுக்கிட்டு ரோட்டுல வித்தையா காட்டுற?" என்றார். திட்டுவதற்கு அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டார்.

என் மகள் தன் கைக்குட்டையை அந்தப் பெண்ணின் விரலில் சுற்றிக் கட்டினாள். இருவரும் ஏறினார்கள். கார் மூக்குக்கும் மலைச்சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில், கண்ணாடியை மடக்கிக்கொண்டு, காய்கறி மூட்டைகள் சுவரில் உரச உரச அவர் வண்டியை நுழைத்துக் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். ஏறி வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாகக் கீழ்வளைவில் மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு நின்றேன். அப்புறம் வந்த வண்டிக்காரர்கள் இறங்கி, காரை மலைச்சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்பதே முக்கால் ஆனதும் நினைவிருக்கிறது, பத்து ஆனதும் நினைவிருக்கிறது. போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க ஒரு வழியும் இல்லை. போயிருந்தாலும் அந்த விரலால் எழுத முடியுமா என்று தெரியவில்லை. "ஒங்கள நம்பித்தான்ணே" என்று அந்த அம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பதினொன்றே கால் இருக்கும். ஷேர் ஜீப் மேலிருந்து திரும்பி வந்தது. ஓட்டுகிறவன் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தான். சிரிக்கவில்லை.

"பாயை மார்க்கெட்ல பாத்தேன். ரெண்டும் உள்ள போயிருச்சுக. ஸ்கூல் கேட்டைச் சாத்துறதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில போயிட்டாகளாம்" என்றான்.

நான் பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே கேட்டான்.

"நான் காலைல கேட்டப்ப ஏன்டா சொல்லல? கேலி பண்ணுவேன்னா?"

"ஆமா."

"பண்ணித்தான் இருப்பேன். பண்ணிக்கிட்டே புள்ளைகளயும் ஏத்திட்டுப் போயிருப்பேன்."

 அன்றைக்கு மூட்டைகளை அவனே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான். காரை மறுநாள் வேறு வண்டியில் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மெக்கானிக் சொன்னதிலிருந்து ஜீப்பைத் திருப்பி அனுப்பினது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா ஏழரை பஸ்ஸுக்கு அனுப்பியிருப்பேனே அண்ணே" என்றார். அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். விரலில் கட்டுப் போட்டிருந்தாள். கடைசி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை நேரம் பத்தாமல் பாதியில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். விரல் வலித்ததால்தான் மெதுவாக எழுதினேன் என்று அவள் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன்.

கேட்காமல் போக முடியவில்லை. "ஜீப்பு வந்தப்ப எறங்கப் போன நீ, ஏம்மா கதவ மூடிட்ட?" என்றேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதான ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க மாமா" என்றாள்.

அவள் இப்போது மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். என் மகளும் படிக்கிறாள். காருக்குப் புதுத் தட்டு போட்டாயிற்று, ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்துகிறேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் மலைப்பாதையில் எவராவது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று சொன்னால் மட்டும் நான் உடனே நம்பிவிடுவதில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.