தண்ணீரில் படகு, கரையில் வீடு: லூர்துமேரி மேடம் நினைவில்

கீரமங்கலம் பூ மண்டியில் என் தோட்டத்து மல்லிகையை எடை போட்டுக்கொண்டிருந்தபோது கருப்பையா போன் செய்தார். எடுத்து ஹலோ சொன்னேன். கருப்பையா எங்களோடு தலையாரியாக இருந்தவர். வாயைத் திறந்தால் அவரை நிறுத்துவதுதான் கஷ்டம். அன்று அவர் சுற்றி வளைக்கவில்லை. "நம்ம ஆர்.ஐ. அம்மா போயிட்டாங்க சார்" என்றார். ஆவூரில் காலைப் பூசைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தாராம். அப்படியே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பூவை மண்டிக்காரர் தலையில் கட்டிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலரும் லூர்துமேரி மேடத்தோடு குப்பை கொட்டியவர்கள்தான். ஆவுடையார்கோவில் பக்கம் சில கிராமங்கள் அடங்கிய ஒரு பிர்காவில் அவர் வருவாய் ஆய்வாளராக இருந்த காலம் முழுவதும் நான் அவருக்குக் கீழே கிராம நிர்வாக அலுவலர். வயதில் நான் மூத்தவன் என்பதால் 'வி.ஏ.ஓ. சார்' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'சார்' எந்தச் சுருதியில் வருகிறது என்பதை வைத்து அன்றைய தினம் எனக்கு எப்படி இருக்கப் போகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் எங்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் வெளியே அவசர வேலை ஞாபகம் வரும்.

ஒருமுறை மழையில் பயிர் மூழ்கிய விவசாயி ஒருவர் நிவாரணம் கேட்டு வந்திருந்தார். கணக்கெடுப்பு முடிந்து, அவர் வயல் விடுபட்டுப் போயிருந்தது. இனிமேல் சேர்க்க வழியில்லை. நான் வழக்கம்போல, "பார்க்கலாம்ணே" என்று சொல்லி அனுப்பினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம். அது ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதுல்ல? பாவம், நாளைக்கும் பஸ் ஏறி வந்து நிப்பாரு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிப் பழகுங்க, வி.ஏ.ஓ. சார்."

அதோடு விடவில்லை. அந்த மனிதர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் ஸ்கூட்டரில் போய்ப் பிடித்து, முடியாது என்பதைத் தானே சொல்லிவிட்டு வந்தார். அவர் மேடத்தைத் திட்டினாராம். திட்டட்டும், அவருக்கு இன்னொரு நாள் அலைச்சல் மிச்சம் என்றார் மேடம்.

பரிசல்காரர்கள் விஷயத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். கடைசி வரை அவரை விடாமல் பிடித்திருந்தது அதுதான் என்பது எங்கள் அலுவலகத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

கல்லணைக் கால்வாயின் கடைசித் தண்ணீர் வந்து சேரும் ஏரிகளில் ஒன்று எங்கள் பிர்காவில் இருந்தது. அது நிரம்பும் சமயம் மேட்டூர்ப் பக்கமிருந்து பரிசல்காரர்கள் சில குடும்பங்களாக வருவார்கள். பரிசல்களைத் தட்டுகள்போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மினி லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். பகலில் அதில் போய் வலை வீசுவார்கள். பொழுது சாய்ந்ததும் கரையில் ஏற்றிக் கவிழ்த்து, ஒரு விளிம்பைக் கம்பால் முட்டுக் கொடுத்துத் தூக்கிவிட்டால் அதுதான் வீடு. உள்ளே பாய், வெளியே அடுப்பு. ஏரி வற்றும்போது போய்விடுவார்கள். பல வருடம் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. நாங்களும் அந்த மீனை வாங்கிக் குழம்பு வைத்தவர்கள்தான்.

ஒரு வருடம் ஏரியின் மீன் குத்தகை புதிய ஆளுக்குப் போனது. அவர் புகார் கொடுத்தார். உரிமம் இல்லாத பரிசல்களைத் தண்ணீரிலிருந்து அகற்ற வேண்டும் என்று மீன்வளத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. பரிசல்காரர்கள் அதை அப்படியே நிறைவேற்றினார்கள். அன்றைக்கே எல்லாப் பரிசலையும் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் மாதம்மாள், சொன்னபடி செய்துவிட்டோம் என்று அலுவலகத்துக்கு வந்து மேடத்திடம் தெரிவித்துவிட்டுப் போனாள். அரசாங்கம் தண்ணீரைவிட்டு வெளியே வரச் சொன்னது, வந்துவிட்டோம், உரிமம் கிடைக்கும்வரை கரையில் காத்திருப்போம் என்பது அவர்கள் கணக்கு. அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அந்த நிம்மதிதான் அவர்களைக் கவிழ்த்தது. முன்பு இரவில் மட்டும் கரையில் இருந்தவர்கள் இப்போது பகலிலும் இருந்தார்கள். ஏரிக்கரையில் குடியிருப்பு என்று அடுத்த புகார் போனது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை எடுக்கச் சொல்லி உத்தரவு இருந்த நேரம். இந்தத் தடவை வேலை எங்கள் துறைக்கு வந்தது. தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்த தாளை மேடம் இரண்டு முறை படித்தார்.

"தண்ணியில கெடந்தா லைசென்ஸ் இல்லாத படகுங்கிறாங்க. கரையில ஏத்துனா ஆக்கிரமிப்பு வீடுங்கிறாங்க. அப்பறம் எங்கிட்டுத்தான் வைக்கிறது? தலையிலயா தூக்கி வச்சுக்குவாங்க?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு டீ புரையேறியது. மேடமும் சிரித்தார்.

சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. உரிமம் வாங்கிக் கொடுத்துவிட்டால் பரிசல்கள் தண்ணீருக்குத் திரும்பிவிடும், கரையும் பகலில் காலியாகிவிடும் என்று நினைத்து மீன்வள அலுவலகத்துக்குப் போனார். அங்கே மரியாதையாக உட்காரவைத்தார்கள். உரிமத்துக்கு உள்ளூர் இருப்பிடச் சான்று வேண்டும் என்றார்கள். அதை யார் தருவது என்று கேட்டதற்கு, நீங்கள்தானே மேடம் பரிந்துரைக்க வேண்டும் என்றார்களாம். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"எங்க குடியிருக்காங்கன்னு எழுதுறது சார்? ஏரிக்கரையில, பரிசலுக்கு அடியிலன்னா? அத எழுதிக் கையெழுத்துப் போட்டா, ஆக்கிரமிப்புக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிரும்."

தாசில்தாரிடம் போனார். அவரும் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். உண்மையிலேயே இல்லை. குத்தகைக்காரரிடம்கூட மேடம் பேசிப் பார்த்தார். அவரும் வட்டிக்கு வாங்கி ஏலம் எடுத்தவர், மீன் போனால் அவர் குடும்பம் தெருவுக்கு வரும். சண்டை போடலாம் என்றால் எதிரில் ஆள் வேண்டுமே. பார்த்தவர்கள் எல்லோரும் தன்மையாகப் பேசினார்கள், எல்லோரும் கையை விரித்தார்கள். எனக்கு வந்த எரிச்சலை எங்கே இறக்குவது என்று தெரியாமல் கருப்பையாவிடம் எரிந்து விழுந்தேன்.

அகற்றும் நாள் காலை நல்ல வெயில். போலீஸ் வந்திருந்தது, ஒரு ஜே.சி.பி.யும் வந்திருந்தது. ஜே.சி.பி. ஓட்டுநர் கரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எத மேடம் இடிக்கிறது?" என்று கேட்டார். கேலி இல்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. மேடம் அவரை வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

சும்மா இருந்த நாட்களில் பரிசல்காரர்கள் அடிப்பாகத்துக்குப் புதுத் தார் பூசி வைத்திருந்தார்கள். எப்படியும் தண்ணீருக்குப் போவோம் என்று நம்பியிருக்கிறார்கள். தார் இன்னும் காயவில்லை, தொட்டால் ஒட்டியது. காயாமல் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் பரிசல்கள் ஒட்டிக்கொண்டு கிழிந்துபோகும், இரண்டு நாள் மட்டும் கொடுங்கள் என்று மாதம்மாள் கேட்டாள். மேடம் போனை எடுத்துக்கொண்டு கரையோடு தூரமாக நடந்துபோனார். யாரிடமெல்லாம் பேசினாரோ தெரியாது. வெகுநேரம் கழித்து வந்தார்.

"இல்லம்மா. இன்னைக்கே போகணும்" என்றார்.

மாதம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். ஒரு பரிசலைத் தூக்கியபோது உள்ளே துணியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை சட்டென்று வெயிலுக்கு வந்து வீறிட்டது. மாதம்மாளின் மருமகள் ஓடிவந்து எடுத்தாள். மினி லாரிக்காரர் மறுநாள்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார். அடுக்கவும் வழியில்லை. அதனால் ஆளுக்கொரு பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, விளிம்பைக் கையால் பிடித்தபடி, கரையோடு ரோட்டை நோக்கி வரிசையாக நடந்தார்கள். இடுப்புக்கு மேலே யாரையும் பார்க்க முடியவில்லை. கால்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நா ஏன் சார் அன்னைக்குத் தலையிலயான்னு சொன்னேன்?"

வேடிக்கையாகச் சொன்னது என்றேன். அவர் காதில் விழவில்லை. ஒரு கிழவர் தன் பரிசலைத் தூக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். மேடம் போய் மறுபக்கம் பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டார். கையிலும் சேலையிலும் தார். ஏட்டையா ஒருவர், நீங்க ஏன் மேடம் என்று ஓடிவந்தார். அவர் கையிலும் ஒட்டியது.

கடைசியாக மாதம்மாள் நின்றாள். "அடுத்த வருசம் தண்ணி வந்தா வரலாங்களாம்மா?" என்று கேட்டாள். அங்கே நின்ற நாங்கள் அத்தனை பேரும் அதற்கு ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்போம், பார்க்கலாம் என்று. மேடம் தன் போன் நம்பரைச் சொன்னார்.

"வண்டி வச்சு இம்புட்டுத் தூரம் வந்துட்டுத் திரும்பிப் போகாதீங்க. மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு நானே சொல்றேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மேட்டூர் அணை திறந்ததும் அந்த போன் வரும். தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் ஏரிக்கு வந்து சேர நாளாகும், போன் அதற்கு முன்பே வந்துவிடும். மேடம் உடனே பதில் சொல்ல மாட்டார். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்பார். மறுநாள் மீன்வள அலுவலகம், தாசில்தார் அலுவலகம் என்று நிஜமாகவே போய்க் கேட்பார். ஓய்வு பெற்ற பிறகும் ஆவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கேட்டார். என்ன சொல்வார்கள் என்றுதான் தெரியுமே, எதற்கு இந்த வேகாத வெயிலில் அலைகிறீர்கள் என்று ஒருமுறை கடிந்துகொண்டேன்.

"கேக்காமலே எப்படி சார் இல்லைங்கிறது?" என்றார்.

கேட்டுவிட்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்று போன் போட்டு, "இந்த வருசமும் இல்லம்மா" என்பார். அதன் பிறகு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கைக்குழந்தை பள்ளிக்கூடம் போவது வரை எல்லாம் அவருக்குத் தெரியும். அவரால் நடந்த காரியம் எது என்று கேட்டால் என்னால் எதையும் காட்ட முடியாது. ஒன்றும் நடக்கவில்லை.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஆவூர் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மேடத்தின் தம்பி, அக்காவின் போனை எடுத்துக்கொண்டு வந்தார். யாரோ காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆபீஸ் சம்பந்தமாக இருக்கும், நீங்கள் பேசுங்கள் அண்ணே என்றார். திரையில் 'பரிசல் மாதம்மா' என்று இருந்தது. அணை திறந்துவிட்டார்கள் என்று அன்று காலைச் செய்தியில் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எடுத்து, நான் யார் என்று சொன்னேன். மேடம் இல்லை என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. கொஞ்சம் ஆறியபின் அவள் தயங்கித் தயங்கி, "இந்த வருசம் வரலாங்களா சாமி?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் இரண்டு இடத்துக்கும் போனேன். மீன்வள அலுவலகத்தில் பழைய பதில். தாசில்தார் அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த பிள்ளை எழுந்து நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, முழுவதையும் கேட்டுவிட்டு, "பார்க்கலாம் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே வந்து மேடம் வழக்கமாக நிற்கும் மரத்தடியில் நின்று போன் போட்டேன்.

"இந்த வருசமும் இல்லம்மா."

"சரிங்க சாமி. வர்ற வருசம் யாரக் கேக்கறதுங்க?"

இதே நம்பர்தான் என்றேன். மேடத்தின் தம்பி அந்த சிம் கார்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அதற்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறேன். லூர்துமேரி மேடத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான்: வருடத்துக்கு ஒரு போன், அதற்காக ஏறி இறங்க வேண்டிய இரண்டு அலுவலகம், வாய் திறந்து சொல்ல வேண்டிய ஒரு 'இல்லை'.