அவுக நிறுத்தச் சொன்னாக

ரஃபியா தன் புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளை இடித்து, "நீ சொல்லு" என்பாள். பேரைச் சொன்னால் கட்டியவன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்று அவள் தாய் சொல்லி அனுப்பியது. அந்த ஆயுசை இத்தனை வருஷமும் கட்டிக் காத்தாள். அப்படிக் காக்கும்படி அவன் என்ன செய்து கிழித்துவிட்டான் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

உமர் பாருக் உத்தமபாளையம் தாண்டி இருந்த நூல் மில்லில் ஃபிட்டர். ரஃபியாவுக்கும் அதே மில்லில் நூல் சுற்றும் மெஷினில்தான் வேலை. அவன் சம்பாத்தியம் அவன் டீக்கும் சிகரெட்டுக்கும் கூட்டாளிகளோடு போடும் ஜமாவுக்கும் சரியாகிவிடும். வீட்டு அடுப்பு எரிந்ததும், மகன் நசீம் பள்ளிக்கூடம் போனதும் ரஃபியாவின் கையால்.

2008-ல் மின்வெட்டு வந்து மில்லின் கழுத்தைப் பிடித்தது. ஒரு ஷிப்டை மூடினார்கள். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. அப்போது கோயம்புத்தூர் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது: புது மெஷின் வருகிறது, பயிற்சியில் தேறுகிறவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் கிளம்பலாம். கற்றுக்கொடுக்க ஆள்கூட வரவில்லை. கேன்டீன் சுவரில் திரையைக் கட்டினார்கள். அங்கே ஒரு மேடம் கேமரா முன்னால் பேசினால் இங்கே தெரிந்தது. இங்கே மைக்கில் பேசினால் அங்கே கேட்டது. வாய் முதலில் அசையும், சத்தம் பிறகு வந்து சேரும். கரண்டு போனாலும் பாடம் நிற்காது. மெஷினுக்குக் கணக்குப் பார்த்துப் போடும் ஜெனரேட்டர் பாடத்துக்கு முழு நேரமும் ஓடியது. மேலிடம் பார்த்துக்கொண்டிருக்கிறதே!

ரஃபியா கண் கொட்டாமல் கேட்டாள். இந்த வேலை போனால் வீடு அவ்வளவுதான் என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் யுவராணி, அடுத்த மெஷின்காரி. இரண்டு பேருக்கும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்கப் பிடிக்காது. ஃபிட்டர் பெண்டாட்டி என்று ரஃபியாவுக்குச் சலுகை நடக்கிறதாம். நடந்த சலுகை இதுதான்: ரஃபியாவின் மெஷின் பழுதானால் உமர் பாருக் கடைசியாகத்தான் வருவான். வீட்டுக்காரிதானே, காத்துக் கிடக்கட்டும்.

அன்றைக்குப் பாடம், கரண்டு போனால் என்ன செய்வது என்பது. திரையில் மேடத்துக்குப் பக்கத்தில் தலைமை ஆபீஸ் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார். முந்தின வாரம் கரண்டு ஏறி இறங்கியபோது மொத்த வரிசையும் நின்று, ஒரு லோடு நூல் அனுப்ப முடியாமல் போயிருந்தது. ஜெனரேட்டரைப் போடச் சோம்பல்பட்டு, "எல்லாத்தையும் நிறுத்துங்கடி" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனவன் உமர் பாருக். கேன்டீனில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் ஃபிட்டரைப் பகைத்துக்கொண்டு யார் மெஷின் ஓட்டுவது?

மைக் ரஃபியா கைக்கு வந்தது.

"அன்னிக்கு மெஷினை யாரும்மா நிறுத்தச் சொன்னாங்க?" என்று கேட்டாள் மேடம்.

"அவுகதேன் நிறுத்தச் சொன்னாக" என்றாள் ரஃபியா. யோசிக்காமல் வந்துவிட்டது.

மேனேஜர் நிமிர்ந்தார். "அவங்கன்னா எத்தனை பேர்? எல்லாரும் பேசி வெச்சுத்தான் நிறுத்தினீங்களா? இது ஸ்டிரைக் இல்லையா? வரிசையில இருக்கிற மொத்தப் பேரையும் அனுப்பிருவேன்!"

"ஐயோ, பல பேரு இல்ல சார், ஒருத்தருதேன். நசீமோட அத்தா."

திரை கொரகொரத்தது. "நசீமோட ஆத்தாவா? யாரு நசீம்?"

யுவராணி எட்டி மைக்கில் வாயை வைத்தாள். "இவ மகன்தேன் சார்."

"அப்ப ஆத்தான்னா நீதானே? நீ சொல்லித்தான் நிறுத்தினாங்களா?"

சிலர் சிரித்தார்கள். அத்தா என்றால் தகப்பன், அவள் வீட்டில். ஆத்தா என்றால் தாய், மற்ற வீடுகளில். இதைக் கோயம்புத்தூருக்கு எப்படிப் புரியவைப்பது? "நானில்ல சார், ஃபிட்டரு" என்றாள்.

"அந்த ஷிப்டுல மூணு ஃபிட்டர். பேர் என்ன? பேர் சொல்லலைன்னா உன்னைத்தான் எழுதுவேன்."

ரஃபியா திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் உமர் பாருக் உட்கார்ந்திருந்தான். எழுந்து "நான்தேன் சார்" என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவன் காலாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான். இவள் சொல்லமாட்டாள் என்ற தைரியம். அந்தத் தைரியத்தைப் பார்த்ததும் ரஃபியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் பொத்திப் பொத்திக் காத்த ஆயுசு, தன் கண் முன்னாலேயே காலாட்டுகிறது.

"உன் புருஷன் பேரச் சொல்லித் தொலையேன்டி. எங்க சோத்துலயும் மண்ணப் போடாத" என்று பல்லைக் கடித்தாள் யுவராணி.

"உமர் பாருக்" என்றாள் ரஃபியா.

வாய் அசைந்தது. சத்தம் கோயம்புத்தூர் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மேனேஜர் குனிந்து எழுதினார்.

மறுநாள் உமர் பாருக்குக்குச் சீட்டுக் கிழிந்தது. ரஃபியா தேறினாள். யுவராணியும் தேறினாள், அதற்காக இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அவள் புது மெஷின் ஏறிய முதல் நாள், மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்தால் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள்.

"ஊருக்கு முன்னால புருஷன் பேரச் சொன்னவளுக்கு இங்கன என்ன வேல? உங்கத்தா வீட்டுக்குப் போ" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

தெருவில் நாலு வீடு திறந்தது. எல்லோரும் அவள் அழுவாள் என்று நின்றார்கள். அவள் சம்பளத்தில் வாடகை கொடுக்கும் வீடு. அவள் வாங்கிப் போட்ட தாழ்ப்பாள். ரஃபியா சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நடுத் தெருவுக்கு வந்து நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"ஏலே உமர் பாருக்! உமர் பாருக்கு! கதவத் தொறலே!"

அடுத்த முறை கூப்பிட வாயெடுப்பதற்குள் அவன் அலறிப் புடைத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.