சனிக்கிழமைச் சாமி

குரங்குக் குட்டியின் மேல் வெண்ணெய் நாற்றம் அடிக்குமா என்று யாராவது கேட்டால், அடிக்கும், புளித்த வெண்ணெயும் செந்தூரமும் மூத்திரமும் கலந்து எத்தனை துடைத்தாலும் போகாமல் அடிக்கும் என்று சத்தியம் செய்வேன். நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை முழுக்க, பீளமேட்டில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் சோறு தின்றேன்.

அம்மா மிருகக்காட்சிசாலையில் பராமரிப்பு வேலை பார்த்தாள். அவிநாசி சாலையில் லாரி அடித்துச் செத்துப்போன தாயின் வயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த குட்டியை யாரோ கொண்டுவந்து கொடுக்க, இராப்பகலாகப் பால் புகட்ட வேண்டியிருந்ததால் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். தேறியதும், மீட்கப்பட்ட குரங்குகளின் கூண்டில் தன் குட்டியை இழந்து கிடந்த பெண் குரங்கோடு சேர்ப்பது, வளர்ந்ததும் அந்தக் கூட்டத்தோடு காட்டில் விடுவது என்று ஏற்பாடு. மனிதக் கைக்குப் பழகிவிட்டால் காடு கிடையாது. அதனால் எங்களுக்கு ஏகப்பட்ட கட்டளைகள்: "பேரு வெக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது." கட்டிப்பிடித்துத் தூங்கக்கூட ஒரு பழைய துண்டைத்தான் சுருட்டிக் கொடுத்திருந்தாள்.

நாங்கள் கேட்டோம். தெரு கேட்டதா? முதல் சனிக்கிழமையே, நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, தலைக்குக் குளித்து, வடைமாலையும் வெண்ணெய்க் கிண்ணமுமாக வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, ஆஞ்சநேயரே ஊடு தேடி வந்திருக்காரு, சும்மா வுட முடியுங்களா?"

"வேண்டாமுங்க, அதுக்குச் செமிக்காதுங்க" என்றாள் அம்மா.

எங்கள் ஊர் மரியாதையை என்னவென்று சொல்ல! இரண்டாவது டம்ளர் காப்பியை வாங்கிக் குடிக்கப் போகிறவர்கூட முதலில் "வேண்டாமுங்க" என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை யார் நம்புவார்கள்? அம்மா சொல்லச் சொல்ல, அந்தம்மா பாட்டுக்குக் குட்டிக்கு வெண்ணெய் பூசி, வடையைப் பிட்டு ஊட்டி, மடியில் போட்டுத் தடவிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை தெருவே வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை, பார்த்தே இராதவர்கள் எல்லாம் வந்தார்கள்.

குட்டிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கண் சொருகிக் கிடந்ததன் வாயில் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கையில், மறுபடி கிண்ணத்தோடு வந்து குனிந்தார் வீட்டுக்காரம்மா. அம்மா எழுந்தாள்.

"தொட்டீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன். போ வெளிய!"

"ங்க" இல்லை! குட்டி சாகக் கிடப்பது தெருவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, "ங்க" போனதுதான் உறைத்தது. சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்து, "அடுத்த மாசம் ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார், மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல்.

குட்டி பிழைத்தது. பெண் குரங்கும் அதைச் சேர்த்துக்கொண்டு பேன் பார்த்தது. ஆனால் யாராவது கூண்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டால் போதும், அந்தத் தாயை உதறிவிட்டு ஓடி வந்து கம்பிக்கு வெளியே கை நீட்டும். நாங்கள் வேறு தெருவுக்குக் குடிபோன பிறகும் வீட்டுக்காரம்மா கூண்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. எத்தனை பேரைத்தான் விரட்டுவாள் அம்மா? கடைசியில் வளர்த்த தாய் உட்பட அத்தனை குரங்குகளையும் வண்டியில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். இதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். காலியான கூண்டில் ஒண்டியாகவே இருந்து செத்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அங்கே கூண்டும் இல்லை, குரங்கும் இல்லை, கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். நன்றாக நரைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சாமி கடைசி வரைக்கும் எங்கள மறக்கவே இல்லியே கண்ணு" என்று கண் கலங்கினார்.

"மறந்திருந்தா காட்டுக்குப் போயிருக்குமுங்க" என்றேன்.

"அட, பாவம், அங்க போயித் தனியா என்ன கண்ணு பண்ணும்?" என்றார்.