புளியமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதிரே ஆள் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்கிற சுபாவம். மனசைப் பற்றி எழுத உனக்கு என்ன அருகதை என்று யாராவது கேட்டால், கேட்பது நியாயம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். மனசைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு எதிரே ஒரு சில முறை உட்கார்ந்து பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த டாக்டரம்மா சொன்னதை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்று தோன்றுகிறது. அவ்வளவுதான் காரணம்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அண்ணாமலையார் ஊரில், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், மாமியார். வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரக் கடையில், எடை போடும் வேலையில் இருந்தார். நல்ல வாயாடி. அவர் எடை சொல்கிற குரல் தெருமுனை வரை கேட்கும் என்பார்கள். ஐப்பசியில் ஒரு நாள், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் எடை குறைகிறதென்று சண்டை போட்டு, "உன் நாக்கு அழுவிப் பூடும்" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். மண்டியில் இது புதிதல்ல. ஆனால் அதற்கப்புறம் இவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கார்த்திகை தீபத்துக்குள் அடியோடு நின்றுவிட்டது. ஒரு நாள் காலை மண்டிக்குப் போகாமல், மலை சுற்றுகிற பாதையில் ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வேறு ஊராக இருந்தால் மூன்றாம் நாளே பைத்தியம் என்றிருப்பார்கள். எங்கள் ஊரில் பழம் கொண்டுவந்து வைத்தார்கள்.

முதலில் வாழைப்பழம், பிறகு மாலை, பிறகு காவி வேட்டி. யாரோ ஒரு சிலேட்டில் ‘மௌன சாமி’ என்று எழுதிக் கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா தினமும் வந்து எதிரே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வம்சத்துலயே ஒருத்தனை அண்ணாமலையாரு கூப்ட்டுக்கினாரு. நீ பொண்டாட்டின்னு குறுக்க நிக்காதடி" என்பார். நானும் பாதி நம்பினேன். ஒரு நாள் சோறு கொண்டுபோனபோது, எல்லோரும் கும்பிடுகிறார்களே என்று நானும் என் புருஷனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

தை மாதம் எனக்குத் தலைவலி தாங்க முடியாமல் போனது. தூக்கமும் இல்லை. பக்கத்தில் இருந்த தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த ஆயா, "அந்த ரூம்ல கூட்டம் கம்மி, அங்க போய் உக்காரு" என்று கை காட்டினார். வியாழக்கிழமைதோறும் வேலூரிலிருந்து வரும் மனநல டாக்டருடைய அறை அது. கூட்டம் ஏன் கம்மி என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, கனமான கண்ணாடி. என்ன செய்கிறது என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவர் திரும்பக் கேட்கவில்லை. என் பையைப் பார்த்து, "வறுத்த மல்லாட்டையா? வாசனை தூக்குதே" என்றார். என் வீட்டுக்காரருக்காக எடுத்துவந்தது. ஒரு பிடி எடுத்து மேஜையில் வைத்தேன். இரண்டு பேரும் தோல் உரித்தோம். கைக்கு வேலை வந்ததும் எனக்குப் பேச்சும் வந்தது.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"சாமியா இருக்காருங்க."

அவர் சிரிக்கவில்லை. இதை நான் இன்றுவரை நினைத்துப் பார்ப்பதுண்டு. மண்டியில் எத்தனை வருஷமாக வேலை செய்கிறார் என்று கேட்பது போலவே, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம், மனதைக் குடைந்துகொண்டிருந்ததை நானே கேட்டேன். "சாமி கூப்பிட்டவரை நோவுன்னு சொல்லி இழுத்தா பாவம் இல்லீங்களா?"

"அவரு சாமியா இல்லையான்னு சொல்ற படிப்பு நான் படிக்கலம்மா. சாமியாவே இருக்கட்டும். சாமிக்கும் தூக்கம் வேணும், சோறு வேணும். அந்த ரெண்டையும் பாருங்க. அப்புறம், யாரும் இல்லாதப்ப அவரு எப்படி இருக்காருன்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்க."

மறுநாள் உச்சி வெயிலில், மரத்துக்கு எதிரே இருந்த பாறை மறைவில் போய் நின்றேன். சுற்றிலும் ஆள் இல்லை. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. கண்ணில் நீர். தூரத்தில் நாலு பேர் வருவது தெரிந்ததும் கையை இறக்கி, கல்லாகிவிட்டார். வந்தவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். நான் பாறையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு மாதமாக நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தது அவருடைய பயத்தை.

அடுத்த வியாழக்கிழமை இதைச் சொன்னபோது டாக்டரம்மா எழுந்து, "மத்தியானம் நானே வரேன்" என்றார். வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாட்டில் மண்ணில் உட்கார்ந்தார். எதிரே உட்காரவில்லை. இவரும் ஒரு பக்தை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "காதுக்குள்ள சத்தம் ஜாஸ்தியா இருக்குங்களா?" என்றார்.

என் வீட்டுக்காரரின் தலை மட்டும் ஆடியது. ஆமாம்.

"பாவம், தனியாவே தாங்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

திரும்பி நடக்கும்போது, அந்த விவசாயி விட்ட சாபம்தான் காரணமா என்று கேட்டேன். "இல்லம்மா. நோவு வர்ற நேரத்துக்கு வந்துச்சு. கையில கிடைச்ச சண்டையைப் பிடிச்சுக்கிச்சு" என்றார். அந்த விவசாயி மேல் எனக்கிருந்த கோபம் அந்த ரோட்டிலேயே பாதி இறங்கிவிட்டது. மாத்திரை கொடுத்து, இன்னதென்று அவரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள் என்றார்.

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மாமியாருக்குத் தெரிந்தால், "சாமியை மாத்திரை போட்டு மனுசனாக்கப் பாக்குறியா?" என்பார். மாத்திரையைப் பொடித்து ரசம் சாதத்தில் பிசைந்து கொண்டுபோனேன். அவர் ஒரு வாய் வைத்தார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இலையைத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு என் கையால் எதுவும் வாங்கவில்லை. யாரோ வைக்கிற வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு கிடந்தார். ஐந்தே நாளில் தோள் எலும்பு துருத்திக்கொண்டது. போய்ச் சேர்ந்துவிடுவார் என்றே பயந்தேன்.

வியாழக்கிழமை டாக்டரம்மா முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன். அவர் திட்டவில்லை. "எல்லா வீட்லயும் செய்யறதுதான். ஆனா யாரோ தனக்குக் கெடுதல் பண்றாங்கன்னுதான் அவருக்குப் பயமே. நாம ஒளிச்சுக் குடுத்தா அந்தப் பயம் நெசமாயிடுது பாருங்க. நான் சொன்னா இப்ப நம்பமாட்டாரு. கலந்தவங்கதான் சொல்லணும்."

"எனக்குப் பேச வராதுங்க."

"எங்கிட்ட பேசறீங்களே. பேசறதுக்கு முன்னாடி கையில மல்லாட்டை எடுத்துக்குங்க" என்று சிரித்தார்.

நேராக மரத்தடிக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வெள்ளைக்காரம்மா கண்ணை மூடியிருந்தார். மாமியார் விபூதித் தட்டோடு நின்றார். வீட்டுக்காரருக்குப் பக்கவாட்டில், டாக்டரம்மா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு சாதத்துல மாத்திரை கலந்தேங்க. உங்ககிட்ட சொல்லாம பண்ணது தப்பு. இனிமே சத்தியமா கலக்கமாட்டேன். இதான் அந்த மாத்திரை. சத்தம் கம்மியாகும்னாங்க. போட்டுக்கறதும் வேணாங்கறதும் உங்க இஷ்டம்."

"இன்னாடி உளர்றே நாலு பேர் முன்னாடி!" என்று மாமியார் கத்தினார். நான் வீட்டுக்காரரின் உள்ளங்கையை விரித்து மாத்திரையை வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணி" என்றார்.

இரண்டரை மாதத்துக்கு அப்புறம் வந்த குரல், தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது. நான் செம்பை எடுப்பதற்குள் பின்னாலிருந்த ஒருவர் துள்ளி எழுந்து, "சாமி வாய் தொறந்துட்டாரு! தண்ணின்னுட்டாரு! மழை கொட்டப் போவுது!" என்று கத்தினார். மாமியார்கூட வானத்தைப் பார்த்தார். அந்தச் சந்தடியில் வீட்டுக்காரர் மாத்திரையை விழுங்கியதை நானும், கண்ணைத் திறந்துவிட்ட வெள்ளைக்காரம்மாவும் மட்டும்தான் பார்த்தோம். சாயங்காலம் வீட்டுக்காரர் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தார்.

அவர் மறுபடி மண்டியில் எடை சொல்ல எட்டு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை சத்தம் திரும்ப வந்தது. இரண்டு முறையும் அவரே வந்து சொன்னார். டாக்டரம்மாவுக்கு மாற்றலானபோது ஒரு படி மல்லாட்டை வறுத்துக் கொடுத்தேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது, இதை எழுதட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எழுது. மழை மேட்டரை விட்டுடாத" என்றார்.

அவர் ‘தண்ணி’ என்று சொன்னதற்கு மறுநாள் மழை பெய்யவில்லை. அவர் பத்து மணி வரை தூங்கினார். செம்பை எடுத்துவர நான் மரத்தடிக்குப் போனபோது, சிலேட்டுக்குக் கீழே வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.