எல்லார் பக்கமும் நிற்கிறவன்

என் பேரன் சூர்யபிரகாஷைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவனும் அவனேதான். தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சமாக இருக்கிறதாம். இருந்தால் இருக்கட்டும். எழுது.

வயது இருபத்தேழு. என் மகன் அழகுபாண்டிக்கு ஒரே பிள்ளை. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மதுரை கே.கே. நகரில் குடியிருக்கிறோம். பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கப்பலூரில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் இவனை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது பெரும்பாடு. யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துவிடுவான்.

முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் ஒட்ட வெட்டி அனுப்பினார் என்றால், அவருக்கு அன்றைக்குப் பல்வலி என்பான். ஒரு கல்யாண மண்டபத்தில் இவனுடைய புதுச் செருப்பை எவனோ மாட்டிக்கொண்டு போய்விட்டான். இவன் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து, “அந்தாளு விட்டுட்டுப் போன செருப்பு எம்புட்டு பிஞ்சு கெடந்துச்சு தெரியுமா அப்பத்தா, பாவம்” என்றான். திட்ட வாயெடுத்தவள் கால் கழுவத் தண்ணீர் மொண்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் சின்னக்கருப்பன் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். வயல்காரர் எதைச் சொன்னாலும் ஆமாங்க என்பார். சொல்லாவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. இவனுக்கு என்ன வந்தது? மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு எம்.பி.ஏ. சேர ஒரு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். கணக்கெல்லாம் டக்கென்று போட்டுவிடுகிறான். ஒரு வகைக் கேள்விதான் ஆகவே மாட்டேன் என்கிறது. ஒருத்தர் ஒன்றைச் சொல்லி அதற்குக் காரணமும் சொல்வாராம். அவர் வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று நாலு விடையில் ஒன்றைப் பொறுக்கி எடுக்க வேண்டுமாம். போன இரண்டு தடவையும் அதில்தான் விழுந்தான். இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் எழுதமாட்டேன், கப்பலூரே போதும் என்று அப்பனிடம் சொல்லிவிட்டான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

கூடப் படிக்கிறவன் தௌஹீத். அவன் வாப்பாவுக்கு டவுனில் பாத்திரக்கடை. சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். எனக்கும் விளங்கட்டும் என்று கேள்வியைத் தமிழில் சொல்வார்கள். ஒரு ஊரில் பூங்காவுக்கு விளக்குப் போட்டார்களாம். அடுத்த மாதமே திருட்டுக் குறைந்ததாம். விளக்குப் போட்டதால்தான் குறைந்தது என்கிறாராம் அந்த ஊர்த் தலைவர். அதே மாதம் பூங்காவுக்கு எதிரே போலீஸ் ஸ்டேஷன் திறந்தார்கள் என்று ஒரு விடை இருக்கிறது. எனக்கே அது கண்ணில் படுகிறது. இவன் அதை விட்டுவிட்டு, மக்களுக்கு விளக்குப் பிடித்திருக்கிறது என்கிற விடையை எடுக்கிறான். ஏன் என்றால், தலைவர் பாவம், கஷ்டப்பட்டு விளக்குப் போட்டிருக்கிறாராம்.

“மாப்ள, அவருக்கு வக்காலத்து வாங்க உன்னைய யாருடா கூப்டா?” என்றான் தௌஹீத்.

முன்னாடியே எல்லாம் திருட்டுப் போயிருக்கும், திருட இன்னும் என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று நான் ஒரு விடை சொன்னேன். அது நாலுக்குள் இல்லையாம். நாலுக்குள் இல்லாவிட்டால் உலகத்தில் நடக்காதா? அன்றைக்கு முழுக்க நான் அந்த இரண்டு பேரிடமும் பேசவில்லை.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி மேனேஜர் கருத்தக்கண்ணன் போன் செய்தார். இவன் போனை ஸ்பீக்கரில் போட்டான். மாதிரித் தேர்வு எழுத இவன் லீவு போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் மூடி கோணலாக வந்து லோடே திரும்பிவிட்டதாம். இவன் நின்றால்தான் மெஷின் சரியாக ஓடுகிறதாம். அதனால் இந்த ஞாயிறு கட்டாயம் வர வேண்டுமாம். உன்னை விட்டால் எனக்கு யார் தம்பி இருக்கிறார்கள் என்று குரலில் தேன் வேறு.

போனை வைத்துவிட்டு இவன் சொல்கிறான்: “அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு அப்பத்தா.”

உரித்த வெங்காயத்தைத் தட்டோடு நகர்த்தி வைத்தேன். காய்ச்சல் என்று சொல்லிவிடு என்றேன். பொய் சொல்ல வராதாம். நான் சொல்கிறேன், போனைக் கொடு என்றேன். கொடுக்க மாட்டேன் என்றான். அப்பன் வந்து கத்தினான். இவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கம்பெனி என்னை நம்பியிருக்கிறது என்கிறான்.

தௌஹீத் மட்டும் கத்தவில்லை. ஒரு தாளை எடுத்து இவன் மடியில் வைத்தான். “கேள்வியா எடுத்துக்க மாப்ள. சூப்பர்வைசர் இல்லாத ஞாயித்துக்கிழமை மூடி கோணுது. அதனால அவரு இல்லாததுதான் காரணம். இத ஒடைக்கிறது எது? பேரப் பாக்காத. அது நீ இல்ல, எவனோ ஒருத்தன்.”

தாளில் இரண்டு கோடு கிழித்தான். பிறகு, அந்தச் சூப்பர்வைசர் இருந்த ஞாயிற்றுக்கிழமையும் மூடி கோணியது என்றான். எப்போது என்று கேட்டால், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, நான் அங்கேதான் நின்றேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை கரண்டு மிச்சம் பிடிக்க, தண்ணீரைக் குளிரவைக்கிற மெஷினை நிறுத்திவிடுவார்களாம், அதற்குச் சில்லர் என்று பேராம். அச்சு ஆறாமலே மூடி வெளியே விழுந்தால் கோணத்தானே செய்யும் என்கிறான். இத்தனையையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றிருக்கிறான். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

அவனே போனை எடுத்தான்.

“சார், நான் இருந்த ஞாயித்துக்கிழமையும் கோணுச்சு சார். ஆள் காரணமில்ல, சில்லர் மெஷின நிறுத்துறதுதான் காரணம். இந்த ஞாயிறு அதப் போட்டு ஓட்டச் சொல்லுங்க. நான் வரல சார், எனக்குப் பரீட்சை.”

சரி தம்பி என்று அந்தப் பக்கம் கேட்டது. இவன் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருந்தானா? அவர் மனசு கஷ்டப்பட்டிருக்கும் இல்லையா என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு எழுதப் போனான். மத்தியானமே முடிந்துவிடும் என்றான். விளக்கு வைத்த பிறகுதான் வந்தான். எங்கேடா போனாய் என்றால், கப்பலூருக்காம். சில்லர் மெஷினைப் போட்டார்களா என்று பார்த்துவிட்டு வந்தானாம். போட்டார்களாம், மூடி நேராக வந்ததாம். அதையா நான் கேட்டேன்? பரீட்சை என்னடா ஆச்சு என்றேன்.

“அந்தக் கேள்வியெல்லாம் போட்டுட்டேன் அப்பத்தா. ஒவ்வொண்ணையும் கருத்தக்கண்ணன் சார் போன்ல சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ரிசல்ட் இன்னும் வரவில்லை. வரட்டும். இப்போது பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். கரண்டு பில் ஏறினால் மேனேஜரும்தான் என்ன செய்வார், அவர் பக்கத்து நியாயத்தையும் ஒரு வரி சேர்த்துவிடட்டுமா என்கிறான்.

சேர்க்கக் கூடாது. இதோடு நிறுத்து.