பனிக்குடமா, சிரிப்பா

எனக்கு அப்போது எட்டாம் மாதம். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மைசூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. காலையில் குழாயடியில் நின்ற பெண்களுக்கு, ஜட்கா வண்டிக்காரர் குதிரையிடம் கெஞ்சுவதை நடித்துக் காட்டினேன். "ஹோகோணப்பா ராஜா, ஹோகோணா" என்று, போகலாம் போகலாம் என்று அவர் கன்னடத்தில் கொஞ்சக் கொஞ்ச, அது நின்ற இடத்திலேயே சாணி போடும். குதிரையும் நானேதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் கால் வழியே வெதுவெதுவென்று இறங்கியது.

"அடிப் போக்கிரி, சிரிச்சு சிரிச்சு ஒண்ணுக்கே போயிட்டியா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"குதிரைன்னா எல்லாத்தையும்தான் செஞ்சு காட்டணும்" என்றேன்.

அத்தைக்கு, அதான் என் மாமியாருக்கு, சிரிப்பு வரவில்லை. "புள்ளத்தாச்சி ஆடுற ஆட்டமாடி இது? போய்ப் பொடவைய மாத்து."

மாற்றினேன். அதுவும் நனைந்தது. எழுந்தால் கொஞ்சம், குனிந்தால் கொஞ்சம். வலியே இல்லை. துணியை அத்தை முகர்ந்து பார்த்தார். மூத்திர வாடை இல்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கெளம்பு ஆஸ்பத்திரிக்கு" என்றார். ஆனாலும் டாக்டர் முன்னால் மானம் போகக் கூடாதென்று, என்னை உட்கார வைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் வண்டி ஏற்றினார். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு அலங்காரம் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கன்னடக்கார டாக்டரம்மா. படுக்க வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டும் இல்லை. ஈரம் பட்ட இடத்தில் சிவப்புக் காகிதம் ஒன்றை ஒற்றினார். அது நீலமாயிற்று.

"நீலமாயிடுச்சே, அப்படின்னா என்னங்கம்மா?" என்றார் அத்தை.

"பனிக்குடத் தண்ணி பட்டாலும் நீலம் ஆகும். சோப்பு பட்டாலும் ஆகும். சோப்பு போட்டீங்களா?"

அத்தை சுவரைப் பார்த்தார். "கொஞ்சூண்டு…"

"பாதிக் கட்டி கரைஞ்சுபோச்சு டாக்டரம்மா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்கவில்லை. "கேளம்மா. பனிக்குடம் உடைஞ்சிருந்தா நீ வீட்டுக்குப் போகவே கூடாது. கிருமி உள்ளே ஏறினா வயித்துல இருக்கிற கூசுக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து. அதனால நிச்சயமாத் தெரியணும்."

கூசு என்றால் கன்னடத்தில் குழந்தை.

கொஞ்ச நேரம் அப்படியே படுக்கச் சொன்னார். பிறகு இருமச் சொன்னார். இருமினேன், தண்ணீர் வந்தது. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காயவிட்டு, பித்தளைக் குழாய் வைத்த ஒரு பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு அதை நான் படுத்திருந்த இடத்துக்கே நகர்த்தி, "நீயே பாரு" என்றார்.

மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் ஒரு செடி முளைக்குமே, சீப்புச் சீப்பாய் இலை விட்டு? அது காடாய்ப் படர்ந்திருந்தது. காம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, ஒன்றுகூடக் கோணவில்லை. காலையில் என் புடவையை நாறடித்ததாக ஊரே சிரித்த தண்ணீரில் இவ்வளவு பெரிய தோப்பா!

அத்தையும் குனிந்து பார்த்தார். "யாருங்கம்மா இத வரைஞ்சது?"

"யாரும் வரையலை. அந்தத் தண்ணியில இருக்கிற உப்பு காயும்போது தானா இப்படி ஆகும். மூத்திரத்துல இது வராது. பனிக்குடம்தான் உடைஞ்சிருக்கு."

அத்தை மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "அவ இங்கயே கெடக்கட்டும். நானும் இங்கயேதான்."

கிடந்தேன். தினமும் ஜுரம் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், வயிற்றில் குழல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார்கள். யாராவது வேடிக்கையாகப் பேச வாயெடுத்தால் அத்தை விரட்டிவிடுவார். அடுத்த வாரம் வலி வந்தது.

பிறந்ததும் குழந்தை அழவில்லை. உள்ளங்கை இரண்டில் அடங்குகிற உடம்பு. டாக்டரம்மா முதுகைத் தேய்த்தார், பாதத்தைச் சுண்டினார். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சல்.

கதவுக்கு வெளியிலிருந்து அத்தை கத்தினார். "எனக்குச் சரியாக் கேக்கல! இன்னொரு தடவ அழச் சொல்லுங்க!"

அழுதாள்.